ஜொகூர் கடற்பாலம்: ரயிலுக்குத் திறந்த வழி, படகுக்கு மூடிய வழி



'போக்குவரத்து வசதிகளின் வளர்ச்சி' என்று ஒரு வினா வந்துவிட்டால் நம் மாணவர்கள் எழுதும் விடை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆங்கிலேயர் சாலை போட்டார்கள், இருப்புப்பாதை அமைத்தார்கள், துறைமுகம் கட்டினார்கள், அதனால் வாணிபம் வளர்ந்தது. அவ்வளவுதான். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பாதி மதிப்பெண்ணோடு நின்றுவிடும். ஏன் தெரியுமா? அந்த விடையில் காரணமும் இல்லை, மனிதர்களும் இல்லை. எந்த ஊருக்கும் எந்தக் காலத்துக்கும் அதை அப்படியே ஒட்டிவிடலாம்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கட்டுமானத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் எல்லாருக்கும் தெரிந்தது, பலர் வாரந்தோறும் கடப்பது: ஜொகூர் பாருவையும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம். ரயில், மோட்டார் வண்டி, படகு, தண்ணீர்க்குழாய் என்று பல வகைப் போக்குகளையும் ஒரே இடத்தில் தாங்குவதற்காகத் திட்டமிடப்பட்ட கட்டுமானம் இது. ஒன்றை ஆழமாகப் படித்தால், மற்ற எல்லாவற்றையும் பற்றி எப்படிக் கேள்வி கேட்பது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு சொல்

நாம் 'கடற்பாலம்' என்கிறோம். உண்மையைச் சொன்னால் அது பாலமே இல்லை. பாலம் என்றால் தூண்கள் நிற்கும், கீழே தண்ணீர் ஓடும். இங்கே கடலின் அடியிலிருந்து கருங்கல்லைக் கொட்டிக்கொட்டி மேலே எழுப்பியிருக்கிறார்கள். அதன் மேல்தான் சாலை. மலாய்மொழியில் இதைத் 'தம்பாக் ஜொகூர்' என்பார்கள். தம்பாக் என்றால் மேடாக்கிய கரை என்று பொருள். நம் சொல்லைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. தேர்வில் 'கடற்பாலம்' என்றே எழுதுங்கள், அதுதான் வழக்கில் உள்ள சொல். ஆனால் மனத்தில் 'கடலுக்குக் குறுக்கே போட்ட கரை' என்று பதிய வையுங்கள். இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கடலில் மிதந்த ரயில் பெட்டிகள்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. ஈயச் சுரங்கத்தையும் கப்பல் நிற்கும் இடத்தையும் இணைத்த பாதை அது. ஆரம்ப காலப் பாதைகள் பலவும் இதே போலத்தான்: உள்நாட்டில் ஈயம், கரையில் துறைமுகம், நடுவில் தண்டவாளம். பிறகு இந்தத் துண்டுப் பாதைகளை வடக்கு தெற்காக இணைக்க ஆரம்பித்தார்கள். 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை பாதை முடிந்தது. அந்தப் பக்கம் சிங்கப்பூரில், நகரத்திலிருந்து தீவின் வடகரை வரை 1903லேயே ரயில் வந்துவிட்டது.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை தண்டவாளம். எதிர்க்கரையில் மறுபடியும் தண்டவாளம். நடுவில் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கடல். அந்த ஒரு கிலோமீட்டரில்தான் எல்லாம் நின்றது.

பயணிகள் இறங்கி, படகு ஏறி, மறுகரையில் வேறொரு ரயில் பிடிக்க வேண்டும். சரக்குக்கு என்ன வழி? பெட்டியைப் பிரித்து இறக்கி ஏற்றினால் கூலியும் நேரமும் வீண். அதனால் சரக்குப் பெட்டிகளை அப்படியே தண்டவாளம் பதித்த மிதவைப் படகில் உருட்டி ஏற்றி, நீரிணையைக் கடத்தி, அந்தப் பக்கம் உருட்டி இறக்கினார்கள். ஒரு நடைக்குச் சில பெட்டிகள்தான் ஏறும். ரப்பர் விளைச்சல் பெருகப்பெருக, இரவு பகலாக ஓட்டியும் படகுகள் போதவில்லை. கரையில் பெட்டிகள் வரிசை பிடித்து நின்றன. படகுகளின் பராமரிப்புச் செலவும் ஏறிக்கொண்டே போனது.

மாணவர்களே, 'கடற்பாலம் கட்டப்பட்டதற்கான காரணம்' என்று கேட்டால், 'போக்குவரத்தை மேம்படுத்த' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 'ஜொகூர் இருப்புப்பாதை 1909இல் முடிந்த பிறகு, நீரிணையில் சரக்குப் பெட்டிகளைக் கடத்திய மிதவைப் படகுகளால் பெருகிவந்த ரப்பர், ஈயச் சரக்கைச் சமாளிக்க முடியவில்லை' என்று எழுதுங்கள். இரண்டு விடைக்கும் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவதில் காரணம் இருக்கிறது.

ஏன் பாலம் வேண்டாம், ஏன் கல்?

1917இல் கூட்டு மலாய் மாநிலங்களின் பொதுப்பணித்துறை இயக்குநராக இருந்த கென்னி என்பவர் கல்லால் ஆன கரையைப் பரிந்துரைத்தார். பாலத்தைவிடக் கரை எந்த வகையில் மேல்? காலத்தைக் கவனியுங்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. இரும்பும் எஃகும் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். கருங்கல்லோ பக்கத்திலேயே கிடைக்கிறது. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவிலும், நீரிணையின் கிழக்கு வாயிலில் உள்ள புலாவ் ஊபின் தீவிலும் கல்லுடைக்கும் இடங்கள் இருந்தன. புலாவ் ஊபின் கருங்கல்லுக்கு முன்பே பெயர் உண்டு. 1851இல் பெட்ரா பிராங்கா பாறையில் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரைவிளக்கத்துக்கும் அங்கிருந்துதான் கல் போனது. மேலும், உப்புக்காற்றில் இரும்புப் பாலம் துருப்பிடிக்கும், வர்ணம் பூசிப்பூசி மாளாது. கல் அப்படியே கிடக்கும்.

லண்டனைச் சேர்ந்த கூட், மேத்தியூஸ், ஃபிட்ஸ்மாரிஸ், வில்சன் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் வரைபடத்தைத் தயாரித்தது. டோபம், ஜோன்ஸ், ரெயில்டன் என்ற நிறுவனத்துக்கு 1919இல் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. 1920 ஏப்ரல் 24இல், ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்டும் ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் கலந்துகொள்ள, தொடக்கச் சடங்கு நடந்தது. செலவைத் தனியாக யாரும் ஏற்கவில்லை. நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள், ஜொகூர் என்று மூன்று அரசுகள் பகிர்ந்துகொண்டன. மொத்தச் செலவு சுமார் 17 மில்லியன் நீரிணை டாலர். அந்தக் காலத்துக்கு இது மிகப்பெரிய தொகை.

அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் 3,465 அடி, அதாவது 1,056 மீட்டர். அகலம் 60 அடி. அந்த 60 அடிக்குள் இரண்டு மீட்டர்வழித் தண்டவாளங்கள், 26 அடி அகலச் சாலை, தண்ணீர்க்குழாய்களுக்கு இடம். ஜொகூர் பக்கத்தில் படகுகள் கடந்துபோக ஒரு மதகு. அதற்கு மேலே, படகு வரும்போது உயர்த்தக்கூடிய, மின்சாரத்தால் இயங்கும் தூக்குப்பாலம்.

1923 செப்டம்பர் 17இல் முதல் சரக்கு ரயில் கடந்தது. அக்டோபர் 1இல் பயணிகள் ரயில். 1924 ஜூன் 28இல் அதிகாரபூர்வத் திறப்புவிழா. இந்த வரிசையில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது, பார்த்தீர்களா? முதலில் போனது சரக்கு. மனிதர்கள் அதற்குப் பிறகுதான். மாலை, மரியாதை, விழா எல்லாம் ஒன்பது மாதம் கழித்து. ஒரு கட்டுமானம் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், திறப்புவிழா உரையைவிட, அதன்மேல் முதலில் என்ன போனது என்று பார்ப்பது நல்லது.

மதகு சொல்லும் கதை

படகுக்கு எதற்கு மதகு? நீரிணை என்பது வெறும் தடை இல்லை, அதுவே ஒரு வழி. ரயில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே தோணிகளும் தொங்கான்களும் கிழக்கும் மேற்குமாக அதில் போய்வந்தன. வடக்கு தெற்காகப் போகும் ரயிலுக்குக் கடல் தடை. கிழக்கு மேற்காகப் போகும் படகுக்குக் கடல்தான் சாலை. ஒருவருடைய வழிக்கு மேல் இன்னொருவருடைய வழியைப் போடும்போது யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

பொறியாளர்கள் இதை மறந்துவிடவில்லை. கரை முழுவதும் மூடுவதற்கு முன்பே மதகு வேலையைத்தான் முதலில் எடுத்தார்கள். அதில் சிறு கலங்கள் கடக்க முடிந்தது. பெரிய கப்பல்களால் முடியாது. இரு பக்கமும் நீர்மட்டம் வேறாக இருப்பதால் படகு உள்ளே வந்து, கதவு மூடி, மட்டம் சரியான பிறகு அடுத்த கதவு திறக்கும். அதுவரை மேலே ரயிலோ காரோ காத்திருக்கும். ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போக ஓர் ஏற்பாடு இருந்தது என்று இதைச் சொல்லலாம்.

அந்த ஏற்பாடு 1942 வரைதான்.

எழுபதடி இடைவெளி

1942 ஜனவரி 31. மலாயா முழுவதையும் இழந்த பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. கடைசிப் படைப்பிரிவு கடந்ததும் பொறியாளர்கள் வெடிவைத்தார்கள். ஜொகூர் பக்கத்து மதகும் தூக்குப்பாலமும் சிதறின. கரையில் சுமார் 70 அடிக்கு இடைவெளி விழுந்தது. கூடவே ஒன்று நடந்தது: ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் துண்டானது. 1927இல் ஜொகூர் சுல்தானோடு செய்த உடன்பாட்டின்படி அமைந்த குழாய் அது. எதிரியின் வழியை அடைக்க வைத்த வெடி, உள்ளே இருந்த மக்களின் தண்ணீரையும் அடைத்தது.

எதிரி நின்றானா? இல்லை. பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் படகுகளில் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். உடைந்த இடத்தையும் விரைவில் சரிசெய்துகொண்டார்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. 1,056 மீட்டர் கரையில் 70 அடியை உடைப்பது, கடலில் படகு வைத்திருப்பவனைத் தடுக்காது. கரை வழி போனாலும் கடல்வழி இருக்கத்தானே செய்கிறது?

போருக்குப் பிறகு தண்டவாளமும் சாலையும் சீரமைக்கப்பட்டன. ஆனால் மதகை மறுபடியும் கட்டவில்லை. அந்த முடிவோடு நீரிணையின் கிழக்கும் மேற்கும் பிரிந்தன. படகுக்கு இருந்த அந்தச் சின்ன வாசலும் மூடியது. பிற்காலத்தில் கடற்பாலத்துக்குப் பதிலாக, கப்பல் அடியில் போகும்படி வளைந்த பாலம் ஒன்றைக் கட்ட மலேசியா திட்டமிட்டதும், 2006இல் அதைக் கைவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். 'மூடிய நீர்வழியைத் திறக்கலாமா' என்ற கேள்வி அதற்குள்ளும் இருந்தது.

யார் கட்டினார்கள்?

இதுதான் நம் மாணவர்கள் விடையில் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதி. 'ஆங்கிலேயர் கட்டினர்' என்று எழுதிவிடுவாங்க. பணம் மலாயாவின் வரிப்பணம். கல் இந்த மண்ணின் கல். உடைத்தவர்கள், சுமந்தவர்கள், கொட்டியவர்கள் இங்கே பிழைக்க வந்த, இங்கேயே வாழ்ந்த தொழிலாளர்கள்.

நம்மவர்களின் பங்கு முதல் பாதையிலிருந்தே இருக்கிறது. தைப்பிங் பாதையைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து 'சிலோன் பயனியர்' தொழிற்படையினரை வரவழைத்தார்கள். அதன் பிறகு கூட்டு மலாய் மாநில இருப்புப்பாதையில் கட்டை மாற்றியவர்கள், சல்லி கொட்டியவர்கள், தண்டவாளத்தைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். செந்தூலில் ரயில் பட்டறை, பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பு. கோலாலம்பூரில் தமிழர்கள் அடர்ந்து வாழ்ந்த இந்த இரண்டு இடங்களும் தண்டவாளத்தை ஒட்டியே உருவானவை என்பது தற்செயல் இல்லை.

இதே மக்களைத்தான் ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. மலாயாவிலேயே சில பாதைகளின் தண்டவாளத்தைப் பெயர்த்து அங்கே அனுப்பினார்கள். நம் குடும்பங்களில் 'மரண ரயில்' என்ற சொல் இன்றும் தாத்தா பாட்டி பேச்சில் வரும். போக்குவரத்துக் கட்டுமானம் என்றாலே வளர்ச்சி என்று எழுதும் பழக்கத்தை இந்த ஓர் எடுத்துக்காட்டே கேள்விக்கு உட்படுத்திவிடும். யாருடைய தேவைக்கு, யாருடைய உயிரை வைத்து என்று கேட்காமல் 'வசதி' என்ற சொல்லை எழுதக் கூடாது.

எல்லையான பாதை

1924இல் திறந்தபோது கடற்பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு நாடுகள் இல்லை. எல்லாம் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள்தான். ஜொகூரும் 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றிருந்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானது. 1967இல் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. சரக்கு வேகமாகப் போக வேண்டும் என்பதற்காகக் கட்டிய பாதை, மனிதர்களை நிறுத்திச் சோதிக்கும் பாதையானது. நெரிசலைக் குறைக்க 1998இல் துவாஸ் வழியாக இரண்டாவது இணைப்பு திறக்கப்பட்டது. அது உண்மையான பாலம், தூண்களின் மேல் நிற்பது.

ரயிலின் கதையும் மாறியது. 1932இல் துறைமுகத்தை ஒட்டித் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் மூடப்பட்டது. மலாயா ரயில் உட்லண்ட்ஸோடு நின்றது. எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த ரயில், இன்று கடற்பாலத்தின் ஓரத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு சேவை. சாலைதான் இப்போது எல்லாம். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும், 4 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய ஆர்.டி.எஸ். ரயில் இணைப்பு, நீரிணைக்கு மேலே தூண்களில் போகும்படி திட்டமிடப்பட்டது. ஒரு மணிநேரத்தில் ஒரு திசையில் 10,000 பயணிகள் வரை ஏற்றிச்செல்வது அதன் இலக்கு. சரக்குக்கு அதில் இடமே இல்லை, முழுக்க முழுக்க மனிதர்களுக்கு. 1923ஐ நினைத்துப் பார்த்தால் முறை தலைகீழாகிவிட்டது.

2020 மார்ச் 18ஐயும் மறக்கக் கூடாது. பெருந்தொற்றினால் எல்லை மூடப்பட்டது. கரையில் ஒரு கல்லும் பெயரவில்லை, சாலை முழுசாகத்தான் இருந்தது. ஆனால் கடக்க முடியவில்லை. தினமும் வேலைக்குப் போய்வந்தவர்கள் அந்தப் பக்கமே தங்கினார்கள். பிள்ளை பிறந்ததை, பெற்றவர் இறந்ததைக் கைப்பேசித் திரையில் பார்த்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2022 ஏப்ரல் 1இல்தான் சாலைவழி முழுமையாகத் திறந்தது. 1942இல் வெடிவைத்து உடைத்தார்கள். 2020இல் ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. கல்லும் இரும்பும் மட்டும் ஒரு வழியைத் திறந்து வைப்பதில்லை. சட்டமும் இரண்டு அரசுகளின் ஒத்துழைப்பும் சேர்ந்தால்தான் அது வழி.

தேர்வுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

எந்தப் போக்குவரத்துக் கட்டுமானம் வினாவாக வந்தாலும், பினாங்குப் பாலமோ கிள்ளான் துறைமுகமோ சாங்கி விமான நிலையமோ எதுவாக இருந்தாலும், நான்கு கேள்விகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அதற்கு முன் மக்களும் சரக்கும் எப்படிப் போனார்கள், எந்த இடத்தில் அது நின்றது? இது காரணத்தைத் தரும்.

இரண்டு, யார் முடிவெடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் உழைத்தார்கள்? இது மனிதர்களைத் தரும்.

மூன்று, எதற்கு வழி திறந்தது, எதற்கு வழி அடைத்தது? இது விளைவின் இரண்டு பக்கத்தையும் தரும். நன்மையை மட்டும் எழுதும் மாணவன் உயர்நிலைச் சிந்தனை வினாவில் இங்கேதான் சறுக்குகிறான்.

நான்கு, கட்டியபோது இருந்த நோக்கமும் இன்றைய பயனும் ஒன்றுதானா? இது தொடர்ச்சியையும் மாற்றத்தையும் தரும்.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். மாணவர்களை நான்கு குழுவாகப் பிரியுங்கள். 1924இல் ரப்பர் தோட்ட நிர்வாகி, தொங்கான் ஓட்டி, தண்டவாளத் தொழிலாளி, ஜொகூர் அரசு அதிகாரி. 'இந்தக் கரை உனக்கு என்ன கொடுத்தது, உன்னிடமிருந்து என்ன எடுத்தது' என்று ஒவ்வொரு குழுவும் ஐந்து வரி எழுதட்டும். ஒரே கட்டுமானத்துக்கு நான்கு வரலாறு கிடைக்கும். கரும்பலகையில் அவற்றை அருகருகே எழுதினாலே பாதி விடை தயார்.

பயிற்சிக்கு இரண்டு வினாக்கள்:

1. ஜொகூர் நீரிணையில் இரும்புப் பாலத்துக்குப் பதிலாகக் கற்கரை அமைக்கப்பட்டதற்கான காரணங்களை விளக்குக.

2. 'கடற்பாலம் இரு கரைகளை இணைத்தது. இரு கடல்களைப் பிரித்தது.' இக்கூற்றை ஆதாரங்களுடன் ஆராய்க.

இரண்டாவது வினாவுக்கு உங்கள் மாணவர்கள் எழுதும் விடையில், மதகைப் பற்றியும் அதைத் திரும்பக் கட்டாததைப் பற்றியும் ஒரு பத்தி வந்துவிட்டால், அவர்கள் மனப்பாடத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். தாராளமாக மதிப்பெண் போடுங்கள்.

தேர்வெழுதும் அனைவருக்கும் வாழ்த்துகள்.